மாவு மில்லில் இரண்டாவது மோட்டார்: அட்மிட்டன்ஸைக் கூட்டிப் பார்த்த கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துச் சாலை கடைத்தெருவோடு சேரும் இடத்தில் உள்ள ஒரு மாவு மில்லில், இருக்கும் மின்கம்பியை மாற்றாமல் இரண்டாவது அரவை இயந்திரத்தை வைக்க முடியுமா என்று பார்ப்பதற்காகச் செய்த அளவீடுகளையும் கணக்குகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து மிளகாய், மல்லி, முறுக்கு மாவு என்று வந்து குவியும் அரவை ஓர் இயந்திரத்துக்கு அடங்குவதில்லை. மில்லை நடத்தும் அக்காவுக்கு, ஏற்கெனவே இருப்பதைப் போன்ற இன்னொரு மோட்டாரும் மலிவாகக் கிடைத்திருந்தது. தடையாக இருந்தது ஒன்றுதான். மீட்டர் பெட்டியிலிருந்து ஏறத்தாழ 25 மீட்டர் தள்ளியுள்ள அரவைப் பகுதிக்கு ஒரே இணைப்பு, 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில், 20 ஆம்பியர் சர்க்கிட் பிரேக்கரின் கீழ் வருகிறது. ஒரு மோட்டாரும் விளக்குகளும் ஓடும்போதே அதில் 12.8 ஆம்பியர் பாய்ந்தது.

பெட்டியைத் திறந்து செய்யும் வேலையைப் பதிவு பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும் என்பது இங்குள்ள சட்டம்; என்னிடம் அந்தச் சான்றிதழ் உண்டு. கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் மின்னழுத்தம். மலேசியாவில் ஒற்றைக் கட்ட மின்சாரத்தின் பெயரளவு மின்னழுத்தம் 2008ஆம் ஆண்டு தொடக்கம் முதல் 230 வோல்ட். அதற்கு மேல் 10 விழுக்காடும் கீழ் 6 விழுக்காடும் ஏற்கப்படும் எல்லை. அதற்கு முன்பு 240 என்று இருந்தது. பல ஊர்களில் மீட்டர் இன்றும் 240ஐ ஒட்டியே காட்டுகிறது. இந்த மில்லிலும் அப்படித்தான் காட்டியது. எனவே கணக்கு முழுவதற்கும் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டேன். பெயர்ப்பலகையில் உள்ளதை நம்பாமல் அளந்த எண்ணையே எடுத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் கணக்கில் மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு சாதனத்தையும் தனித்தனியாக ஓடவிட்டு, ஆம்பியரையும் வாட்டையும் வாட்மீட்டரில் குறித்துக்கொண்டேன். மிளகாய் அரைபடும்போது மோட்டார் 10.0 ஆம்பியர், 1560 வாட். பழைய சோக்கு வைத்த 36 வாட் குழல் விளக்குகள் ஆறும் சேர்ந்து 2.58 ஆம்பியர், 276 வாட். தூசியை வெளியேற்றும் சுவர் விசிறி 0.34 ஆம்பியர், 70 வாட். தண்ணீர் சுட வைக்கும் கெட்டில் 4.0 ஆம்பியர், 960 வாட். கெட்டிலில் மட்டும்தான் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் சரியாக வருகிறது. மோட்டாரில் 240ஐ 10ஆல் பெருக்கினால் 2400 வருகிறது, ஆனால் செலவாகும் திறன் 1560 மட்டுமே. மிச்சம் எங்கேயும் களவு போகவில்லை. மோட்டாரின் சுருளில் காந்தப்புலத்தை எழுப்புவதற்காக ஒரு பங்கு மின்னோட்டம் ஒவ்வோர் அரைச் சுற்றிலும் போவதும் வருவதுமாக இருக்கிறது. அது வேலை எதுவும் செய்யாவிட்டாலும் கம்பியிலும் பிரேக்கரிலும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இந்த இடத்தில்தான் அட்மிட்டன்ஸ் என்ற அளவு கைகொடுக்கிறது. ஒரு சாதனத்தின் இம்பீடன்ஸ், அது மாறுதிசை மின்னோட்டத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொன்னால், அதன் தலைகீழான அட்மிட்டன்ஸ் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியரை உள்ளே விடுகிறது என்பதைச் சொல்கிறது. அலகு சீமென்ஸ், வெர்னர் ஃபான் சீமென்ஸின் பெயரால் 1971இல் அனைத்துலக அலகாக ஏற்கப்பட்டது. அட்மிட்டன்ஸ் என்ற பெயரை 1887இல் ஆலிவர் ஹெவிசைட் வைத்தார். மாறுதிசை மின்சுற்றுகளை, மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என்று இரண்டு பகுதிகள் உள்ள கலப்பெண்களைக் கொண்டு கணக்கிடும் முறையை 1893இல் சிகாகோ மாநாட்டில் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் விளக்கிய பிறகு இத்தகைய கணக்குகள் சாதாரணப் பட்டறைக்காரருக்கும் எட்டின. அட்மிட்டன்ஸின் மெய்ப்பகுதி கண்டக்டன்ஸ். அது வாட்டாகச் செலவாகும் மின்னோட்டத்தைக் குறிக்கிறது. கற்பனைப் பகுதி சஸ்செப்டன்ஸ்; அது போய் வரும் மின்னோட்டத்தைக் குறிக்கிறது. சுருளின் சஸ்செப்டன்ஸுக்குக் குறை அடையாளமும் மின்தேக்கியின் சஸ்செப்டன்ஸுக்கு மிகை அடையாளமும் இடுவது வழக்கம். எனவே மின்தேக்கியைச் சேர்த்து, சுருளுக்காகப் போய் வரும் மின்னோட்டத்தை ஈடுகட்டலாம்; இங்கே என் திட்டமும் அதுதான்.

வீட்டிலும் கடையிலும் எல்லாச் சாதனங்களும் ஒரே மின்னழுத்தத்தின் குறுக்கே பக்க இணைப்பில்தான் இருக்கின்றன. பக்க இணைப்பில் இம்பீடன்ஸ்களைச் சேர்க்க வேண்டுமானால் தலைகீழாக்கி, கூட்டி, மீண்டும் தலைகீழாக்க வேண்டும். கலப்பெண்களோடு இதைச் செய்வது நான்கு சாதனங்களுக்குள்ளாகவே சலித்துவிடும். அட்மிட்டன்ஸ்களை நேரடியாகக் கூட்டிக்கொண்டே போகலாம். பாடநூல்கள் இம்பீடன்ஸை விரிவாகச் சொல்லிவிட்டு அட்மிட்டன்ஸை ஒரு பத்தியில் முடித்துவிடுவது எனக்கு எப்போதுமே விளங்காத ஒன்று. வயரிங் வேலை செய்பவருக்கு அன்றாடம் தேவைப்படுவது இரண்டாவதுதான்.

கணக்கிடுவது எளிது. ஆம்பியரை வோல்ட்டால் வகுத்தால் அட்மிட்டன்ஸின் அளவு கிடைக்கும். வாட்டை வோல்ட்டின் வர்க்கத்தால் வகுத்தால் கண்டக்டன்ஸ் கிடைக்கும். முதலாவதின் வர்க்கத்திலிருந்து இரண்டாவதின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் கண்டால் சஸ்செப்டன்ஸ். மோட்டாருக்கு 10ஐ 240ஆல் வகுக்க 41.67 மில்லிசீமென்ஸ், 1560ஐ 57,600ஆல் வகுக்கக் கண்டக்டன்ஸ் 27.08, எனவே சஸ்செப்டன்ஸ் 31.66. இதே முறையில் விளக்குகளுக்குக் கண்டக்டன்ஸ் 4.79, சஸ்செப்டன்ஸ் 9.62, விசிறிக்கு 1.22, 0.73, கெட்டிலுக்கு 16.67, சுழி.

இந்த முறையில் சஸ்செப்டன்ஸின் அளவு கிடைக்குமே தவிர அதன் அடையாளம் கிடைக்காது, ஏனென்றால் வர்க்கமூலத்துக்கு அது தெரியாது. மோட்டார் என்றால் சுருள்தான் என்று ஊகிக்கலாம். ஆனால் உள்ளே மின்தேக்கி பொருத்திய விளக்குச் சட்டங்களும் உண்டு என்பதால் நான் சோதித்தே பார்த்தேன். சாதனத்துக்குப் பக்க இணைப்பாக ஒரு சிறிய மின்தேக்கியைச் சேர்த்தபோது மொத்த ஆம்பியர் குறைந்தால் அது சுருள் வகை, கூடினால் மின்தேக்கி வகை. மூன்றிலும் குறைந்தது.

பலர் தடுமாறும் ஓர் இடத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மோட்டாரின் இம்பீடன்ஸ் 24 ஓம்; அதைத் தொடர் இணைப்பாகப் பிரித்தால் மின்தடைப் பகுதி 15.6 ஓம், மின்மறுப்புப் பகுதி 18.24 ஓம். இந்த 18.24ஐ மட்டும் தலைகீழாக்கினால் 54.8 மில்லிசீமென்ஸ் வருகிறது. உண்மையான சஸ்செப்டன்ஸோ 31.66. பகுதிகளைத் தனித்தனியே தலைகீழாக்கக் கூடாது, முழு இம்பீடன்ஸையும் ஒரே எண்ணாகத்தான் தலைகீழாக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது ஒவ்வொரு பகுதியும் இம்பீடன்ஸின் வர்க்கத்தால் வகுபடுகிறது: 18.24ஐ 576ஆல் வகுத்தால் 31.67 மில்லிசீமென்ஸ் வந்துவிடுகிறது, கடைசி இலக்க வேறுபாடு முழுமையாக்கியதால் வந்தது. 54.8 என்ற எண்ணை நம்பி மின்தேக்கி வாங்கினால் தேவைக்கு மேல் பெரியது கைக்கு வரும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து மோட்டாரின் முனைகளைத் தொட்டு அறிந்துகொள்ளலாம் என்பதும் நடவாது. நின்றிருக்கும் மோட்டாரில் அது சுருளின் செம்புக் கம்பியை மட்டும் அளந்து ஓரிரு ஓம் காட்டும், ஓடும்போதுள்ள 15.6 ஓமில் பெரும்பங்கு, அரவைக் கல்லைச் சுழற்றும் வேலையாக வெளியே போகும் திறனின் மறுவடிவம்.

இனிக் கூட்டல். மோட்டார், விளக்குகள், விசிறி மூன்றுக்கும் கண்டக்டன்ஸ் 33.09, சஸ்செப்டன்ஸ் 42.01. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் காண மொத்த அட்மிட்டன்ஸ் 53.48 மில்லிசீமென்ஸ், 240ஆல் பெருக்க 12.83 ஆம்பியர். கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் காட்டிய 12.8உடன் இது ஒத்துப்போகிறது. ஆனால் ஆம்பியர்களை நேரடியாகக் கூட்டினாலும் 12.92 வருகிறதே, இவ்வளவு சுற்றி வளைப்பானேன் என்று கேட்கலாம். அந்த மூன்றிலும் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு ஏறத்தாழ ஒரே கோணத்தில் பின்தங்குவதால்தான் அங்கே வேறுபாடு தெரியவில்லை. கெட்டிலையும் போட்டுவிட்டுப் பார்த்தேன். நேரடிக் கூட்டல் 16.92 என்கிறது, அட்மிட்டன்ஸ் கணக்கில் கண்டக்டன்ஸ் 49.76 ஆக உயர, சஸ்செப்டன்ஸ் 42.01இலேயே நிற்க, மின்னோட்டம் 15.63. மீட்டர் 15.6 என்றது. கெட்டில் தன் 4 ஆம்பியரை எடுத்துக்கொண்டும் மொத்தத்தில் 2.8தான் ஏறியது.

இன்னொரு அளவீடு எனக்கு மிகவும் பிடித்தது. தொட்டியில் மிளகாய் எதுவும் போடாமல் மோட்டாரை வெறுமனே ஓடவிட்டபோது 7.6 ஆம்பியர், 420 வாட். கணக்கிட்டால் கண்டக்டன்ஸ் 7.29, சஸ்செப்டன்ஸ் 30.82. அரைபடும்போது இருந்த எண்களோடு ஒப்பிட்டால், கண்டக்டன்ஸ் நான்கு மடங்குக்கு நெருக்கமாக மாறியிருக்கிறது. சஸ்செப்டன்ஸ் அநேகமாக அசையவே இல்லை. காந்தப்புலத்துக்கான பங்கு சுமையைச் சார்ந்திருப்பதில்லை, மின்னழுத்தத்தைத்தான் சார்ந்திருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக ஆம்பியர் எண்களில் காண முடியாது. மின்தேக்கியை ஒரே அளவில் நிரந்தரமாகப் பொருத்தலாம் என்ற துணிவும் இதிலிருந்துதான் வந்தது.

இரண்டாவது மோட்டாரைத் தனியே ஓட்டி அளந்தபோது முதலாவதின் எண்களே ஏறக்குறைய வந்ததால் அதே மதிப்புகளை வைத்துக்கொண்டேன். அதைச் சேர்க்க, கெட்டில் இல்லாமலே கண்டக்டன்ஸ் 60.17, சஸ்செப்டன்ஸ் 73.67, அட்மிட்டன்ஸ் 95.12, மின்னோட்டம் 22.83 ஆம்பியர். பிரேக்கர் உடனே விழாது. சற்று நேரம் தாங்கி, அரவை மும்முரமாக நடக்கும்போது விழக்கூடும். ஆனால் இதில் வேலை செய்யும் பங்கு 60.17 மட்டுமே, அதாவது 14.4 ஆம்பியர். மிச்சத்தை மின்தேக்கி அந்த இடத்திலேயே கொடுத்து வாங்கிக்கொண்டால், அது 25 மீட்டர் கம்பியில் வந்து போக வேண்டியதில்லை.

50 ஹெர்ட்ஸில் ஒரு மைக்ரோஃபாரட் 0.314 மில்லிசீமென்ஸ் சஸ்செப்டன்ஸைத் தருகிறது. மோட்டாரின் 31.66ஐ முழுவதும் ஈடுகட்ட ஏறத்தாழ 101 மைக்ரோஃபாரட் வேண்டும். அந்த அளவுக்கு நான் போகவில்லை, போகவும் கூடாது. மோட்டாரை நிறுத்திய பிறகும் அரவைக் கல்லின் வேகத்தில் அது சிறிது நேரம் சுழன்றுகொண்டிருக்கும். அப்போது நேரடியாக இணைந்திருக்கும் மின்தேக்கி போதிய அளவு பெரியதாக இருந்தால், மோட்டார் தானே மின்னாக்கியாக மாறி முனைகளில் மின்னழுத்தத்தை உயர்த்திவிடும். அதைத் தவிர்க்க, சுமையில்லாத நிலையின் காந்தப்பங்கில் 90 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நடைமுறை. 30.82இல் 90 விழுக்காடு 27.7, அதாவது 88 மைக்ரோஃபாரட். ஒவ்வொரு மோட்டாருக்கும் 60 என்று தீர்மானித்தேன்; எல்லைக்கு நன்கு உள்ளே இருக்கிறது, கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அளவும்கூட. 60 மைக்ரோஃபாரட்டின் சஸ்செப்டன்ஸ் 18.85, இரண்டுக்கும் 37.70. அதைக் கழித்தால் சஸ்செப்டன்ஸ் 35.97ஆகக் குறைய, அட்மிட்டன்ஸ் 70.10, மின்னோட்டம் 16.82 ஆம்பியர். பிரேக்கருக்குள் அடங்கிவிடும். கெட்டிலும் சேர்ந்தால் 20.4 ஆகிவிடும் என்பதால் அதை முன்பக்கத்தில் உள்ள வேறோர் இணைப்புக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.

மின்தேக்கிகளை ஈப்போவில் வாங்கினேன். தொடர்ந்து ஓடுவதற்கான, 450 வோல்ட் மாறுதிசைக்குத் தகுந்த, பாலிப்ரொப்பிலீன் படலம் சுற்றிய வகைதான் வேண்டும். மோட்டாரைக் கிளப்புவதற்கென்று சில விநாடிகளுக்கு மட்டும் வேலை செய்யும் கறுப்பு உருளைகளும் கடையில் பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கும். அவற்றை நிரந்தரமாக இணைத்தால் சூடேறி வெடித்துவிடும். மோட்டாரின் முதுகில் ஏற்கெனவே இருக்கும் மின்தேக்கியும் வேறு வேலைக்கானது, துணைச்சுருளோடு தொடர் இணைப்பில் இருப்பது. அதைப் பெரிதாக்கினால் திறன் காரணி (வாட்டை, வோல்ட்டும் ஆம்பியரும் பெருக்கி வருவதால் வகுத்த எண்) உயரும் என்று நினைத்துக் கை வைக்கக் கூடாது. மல்டிமீட்டரில் அளந்தபோது ஒன்று 58.3, மற்றது 59.0 மைக்ரோஃபாரட். உறையில் எழுதியிருக்கும் 5 விழுக்காட்டு எல்லைக்குள் இரண்டும் இருந்தன.

பொருத்தும் இடம் முக்கியமானது. மோட்டாரைப் போட்டு நிறுத்தும் சுவிட்சான கான்டாக்டருக்குப் பின்னும், மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்திக் காக்கும் ஓவர்லோட் ரிலேவுக்கு முன்னும் மின்தேக்கியை இணைத்தேன். அப்படிச் செய்தால் மோட்டார் நிற்கும்போது மின்தேக்கியும் துண்டிக்கப்படும். ரிலே வழியாக மோட்டாரின் முழு 10 ஆம்பியரும் பழையபடி பாய்வதால் அதன் அளவைத் திருத்த வேண்டியதில்லை. ரிலேவுக்குப் பின்னால் இணைத்தால் ரிலே குறைந்த மின்னோட்டத்தையே பார்க்கும். அளவைக் குறைத்து வைக்காவிட்டால் மோட்டார் திணறும்போது அது காக்காது. ஒவ்வொரு மின்தேக்கியின் குறுக்கேயும் 100 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடர் இணைப்பில் வைத்தேன். உச்ச மின்னழுத்தமான 339 வோல்ட்டிலிருந்து 50 வோல்ட்டுக்கு இறங்க 23 விநாடி போதும். ஓடும்போது அவை இரண்டிலும் சேர்த்து வீணாவது 0.3 வாட்டுக்கும் குறைவு. இவை இல்லாவிட்டால் நிறுத்திய இயந்திரத்தின் பெட்டிக்குள் கை விடுபவருக்கு நல்ல அடி கிடைக்கும்.

முதல் மோட்டாரில் மட்டும் மின்தேக்கியை இணைத்து அரவையோடு ஓட்டியபோது, அந்த மோட்டாரின் கம்பியில் 10.0 இருந்த இடத்தில் 7.3 ஆம்பியர் காட்டியது, 58.3 மைக்ரோஃபாரட்டை வைத்துக் கணக்கிட்டால் 7.25. மின்தேக்கியின் கம்பியை மட்டும் தனியாகப் பிடித்தால் அதில் 4.4 ஆம்பியர். பக்கத்தில் நின்றிருந்த அக்கா, “சாமான் ஒண்ணக் கூடச் சேக்குறே, கரண்டு எப்படிப்பா கொறையும்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மோட்டார் வாங்கும் நேரத்தில் மின்தேக்கி கொடுக்கிறது, மோட்டார் கொடுக்கும் நேரத்தில் அது வாங்கிக்கொள்கிறது. அதனால் பெட்டியிலிருந்து வர வேண்டியது குறைந்துவிட்டது என்று விளக்கினேன். பிறகு இரண்டு மோட்டார்களையும், விளக்குகளையும், விசிறியையும் ஓடவிட்டபோது மீட்டர் 16.9 ஆம்பியரில் நின்றது. உண்மையில் அளந்த மின்தேக்கி மதிப்புகளைப் போட்டால் கணக்கு 16.93. கிளப்பும் கணத்தில் மோட்டார் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், அதற்கு மின்தேக்கி உதவாது என்பதால், ஒன்று முழு வேகத்தைப் பிடித்த பிறகே மற்றதைப் போட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பில் குறையுமா என்பது அடுத்து வந்த கேள்வி. அநேகமாகக் குறையாது. மீட்டர் வாட் மணிகளைத்தான் எண்ணுகிறது, அதைத் தீர்மானிக்கும் கண்டக்டன்ஸை மின்தேக்கி தொடவில்லை. கம்பியில் சூடாக வீணாவது மட்டும் குறையும்: அந்த 25 மீட்டர் கம்பியின் இருவழி மின்தடை 0.23 ஓம் அளவில் இருப்பதால், ஒரு மோட்டார் ஓடும்போது 12.8 ஆம்பியர் 9.8 ஆக இறங்கினால் மிச்சமாவது 16 வாட். மின்சாரம் வழங்கும் தெனாகா நேஷனலின் வணிக, தொழில் கட்டணங்களில் திறன் காரணி 0.85க்குக் கீழே போனால் கூடுதல் கட்டணம் விதிக்கும் விதி உண்டு. பெரிய ஆலைகளுக்கு மின்தேக்கி பணத்தை மிச்சப்படுத்துவது அந்த வழியில்தான். அக்காவின் பில்லில் அப்படியொரு வரி இல்லை. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) “மின்கட்டணம் பாதியாகும்” என்று விற்கும் சிறிய பெட்டி ஒன்று மில்லிலும் செருகியிருந்தது. திறந்து பார்த்தேன்: ஒரு சிறு விளக்கு, 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. அதன் சஸ்செப்டன்ஸ் 1.48, அது 12.83 ஆம்பியரை 12.56 ஆக்கும், வாட்டை ஒன்றும் செய்யாது. விற்பவர் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் இறங்குவதைக் காட்டுவது பொய்யல்ல; அதைப் பணமாக மாற்றிச் சொல்வதுதான் பொய்.

இந்தக் கணக்கு எடுபடாத சாதனங்களும் உள்ளன. அட்மிட்டன்ஸ் என்பது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில், சீரான சைன் அலையாகப் பாயும் மின்னோட்டத்துக்கு மட்டுமே பொருள் தரும். மலிவான எல்இடி விளக்குகளின் திறன் காரணி 0.5 என்று வாட்மீட்டர் காட்டினாலும், அதற்குக் காரணம் சுருள் அல்ல. அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தை வெடுக்கென்று இழுக்கும் உள்மின்சுற்று. அங்கே வர்க்கமூலம் கண்டு வரும் எண்ணைச் சஸ்செப்டன்ஸ் என்று எடுத்துக்கொண்டு மின்தேக்கியைப் போட்டால் பயனில்லை. குழல் விளக்குகளை எல்இடிக்கு மாற்றும் எண்ணம் அக்காவுக்கு இருக்கிறது. மாற்றினால் விளக்குகளின் 9.62 சஸ்செப்டன்ஸ் பட்டியலிலிருந்து போய்விடும். சஸ்செப்டன்ஸ் 27க்கு அருகே வந்து, எல்இடியின் சிறு மின்னோட்டத்தை ஒதுக்கிவிட்டால், மொத்தம் 15 ஆம்பியரை ஒட்டி நிற்கும்.

ஒவ்வொரு சாதனத்தின் கண்டக்டன்ஸையும் சஸ்செப்டன்ஸையும் ஓர் அட்டையில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன், அடுத்து வருபவர் எதைச் சேர்த்தாலும் நீக்கினாலும் இரண்டு பத்திகளைக் கூட்டினால் போதும். படல மின்தேக்கிகள் காலப்போக்கில் மதிப்பை இழக்கும் என்பதால் அட்டையின் கீழே ஒரு குறிப்பும் சேர்த்தேன்: அரவை முழுவீச்சில் நடக்கும்போது ஒரு மோட்டாரின் கம்பியில் 7.5 ஆம்பியருக்கு மேல் காட்டினால் மின்தேக்கி 50 மைக்ரோஃபாரட் அளவுக்கு இறங்கியிருக்கிறது, மாற்ற வேண்டும்.